குண்டு சுற்றிய காகிதம்

பெல்லாமி துரை சுட்டால் குண்டு எங்கே போகும் என்று பெல்லாமி துரைக்கே தெரியாது. கோலார் தங்கவயலில் இது ஊரறிந்த சங்கதி. மான் கூட்டத்தைப் பார்த்துச் சுடுவார்; மானைத் தவிர மற்றதெல்லாம் அடிபடும் என்று கிளப்பில் வெள்ளைக்காரர்களே சிரித்தார்கள். கோளாறு தன் கையில் இருக்கலாம் என்று மட்டும் அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. முதலில் துப்பாக்கியைத் திட்டினார். அது லண்டனில் பேர்போன கடையில் வாங்கியது. திட்டினால் வாங்கியவருக்குத்தான் கேவலம். பிறகு தோட்டாவைத் திட்டினார். தோட்டா கட்டியவன் அவருடைய பட்லர் என்பதால் அது வசதியாக இருந்தது.

துரை என்றால் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போவோம், காசா பணமா.

அந்தத் துரை அஸ்ஸே ஆபீஸுக்குத் தலைவர். சுரங்கத்திலிருந்து வரும் கல்லைப் பொடித்து, உருக்கி, அதில் எத்தனை தங்கம் இருக்கிறது என்று எடை பார்த்துச் சொல்கிற இடம் அது. பார்த்துச் சொல்கிறவன் ஏனோக். குடியாத்தத்திலிருந்து வந்த குடும்பம், ஆண்டர்சன்பேட்டையில் வீடு, வயது முப்பத்தாறு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் கடுகைவிடச் சின்னதான தங்கப் பொட்டை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்ப்பான். சோதனைக்கு வந்த ஒரு மாதிரியை இரண்டு தடவை போடுவான். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவான், இல்லாவிட்டால் முதலிலிருந்து.

எழுதுவதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது. முதலில் நீலக் கோடு போட்ட மெல்லிய சீட்டில் பென்சிலால் எழுத வேண்டும். அப்புறம் எடைப் புத்தகத்தில் மையால் ஏற்ற வேண்டும். மேஜைக்கு வந்த மாதிரி எதுவானாலும் ஏற்றாமல் விடக்கூடாது. பக்கங்களுக்கு நம்பர் உண்டு, கிழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது. சாயங்காலம் பக்கத்தின் அடியில் இடது பக்கம் ஏனோக்கும் வலது பக்கம் துரையும் கையெழுத்துப் போட்டு, நான்கு மணிக்குப் புத்தகம் சுரங்கம் முழுவதுக்கும் தலைவரான பெரிய துரையின் மேஜைக்குப் போய்விடும். பதினொரு வருஷமாக அந்தப் புத்தகத்தில் ஏனோக் எழுதிய ஓர் எடையைக்கூட யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னதில்லை. அவனுக்கு இருந்த சொத்து அதுதான்.

"இனிமேல் தோட்டா நீ கட்டு" என்றார் பெல்லாமி துரை ஒரு நாள். சாப்பாட்டு வேளையில் செய்ய வேண்டிய வேலை, கூலி கிடையாது. ஏனோக் துப்பாக்கியைத் தொடவும் கூடாது, லைசென்ஸ் இல்லாதவன். அந்தத் தோட்டா எப்படிப் போகிறது என்று ஒரு தடவை சுட்டுப் பார்க்க அனுமதி இல்லாதவனிடம் அதைச் சரிசெய்து கொடு என்று சொல்வதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

ஏனோக் பட்லர் கட்டிய நான்கு தோட்டாக்களைப் பிரித்துப் போட்டான். கருமருந்தைக் கரண்டியால் அள்ளிக் கொட்டியிருந்தான் பட்லர். நான்கில் எந்த இரண்டும் ஒரே எடை இல்லை. ஈயக் குண்டுகளில் ஒன்று மற்றவற்றைவிட லேசாக இருந்தது. அறுத்துப் பார்த்தான், வார்க்கும்போது உள்ளே காற்று தங்கி, கடலைப்பருப்பு அளவுக்குப் பள்ளம். இதெல்லாம் அவனுக்குச் சுலபம். மருந்தைத் தங்கத்தைப் போல எடை போட்டான். குண்டுகளையும் எடை போட்டு, லேசானதையெல்லாம் மறுபடி உருக்கினான்.

அப்படியும் துரை சுட்டபோது குண்டு குறிப்பலகையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் விழுந்தது.

மிச்சமிருந்தது காகிதம். அந்தத் துப்பாக்கியில் ஈயக் குண்டை அப்படியே போட மாட்டார்கள். குழலில் ஈயம் ஒட்டிக்கொள்ளும். குண்டைச் சுற்றி நனைத்த காகிதத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் காயவைப்பார்கள். சுடும்போது குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் வரி அந்தக் காகிதத்தைக் கீறிவிடும். குழலை விட்டு வெளியே வந்ததும் காகிதம் துண்டு துண்டாக உதிர வேண்டும், குண்டு மட்டும் போக வேண்டும். பட்லரோ மைதாப் பசை போட்டு நன்றாக ஒட்டியிருந்தான், கல்யாணப் பத்திரிகை உறை ஒட்டுவதுபோல. காகிதம் உதிராமல் குண்டோடு பாதி ஒட்டியும் பாதி பறந்தும் போனால் குண்டு நேராக எப்படிப் போகும்?

ஏனோக் பசையை விட்டான். காகிதத்தின் நுனியைக் குண்டின் அடியில் மடித்துவிட்டதோடு சரி. தங்கம் எடுத்த பின் கொட்டிய சைனைடு மண் மேட்டுக்கு முன்னால் நூறு கஜத்தில் பலகை நட்டார்கள். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்துச் சுடும்படி துரையிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். துரை சுட்டதும் ஏனோக் பலகையைப் பார்க்க ஓடவில்லை. குழலுக்கு முன்னால் நாலைந்து கஜத்தில் குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினான்.

"கோழி மாதிரி கொத்திக்கொண்டு இருக்கிறாயே" என்று துரை சிரித்தார்.

சிரிக்கட்டும். சுட முடியாதவனுக்கு அந்தத் துண்டுகள்தான் பேசின. துண்டு கந்தலாக இருந்தால் காகிதம் தடிமன். கருகியிருந்தால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கிற மெழுகு அடைப்புப் போதவில்லை. வரிவரியாக, கத்தியால் கீறினதுபோல் உதிர்ந்திருந்தால் சரி. செய்தித்தாள், துரை கொடுத்த கடிதக் காகிதம் எல்லாம் பார்த்தான். கடைசியில் கைகொடுத்தது எடை மேஜையில் வீணான நீலக் கோட்டுச் சீட்டு. மெல்லிசு, ஆனால் கெட்டி. ஒரு சீட்டுக்கும் இன்னொரு சீட்டுக்கும் தடிமனில் வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கட்டிய தேதியைப் பென்சிலால் எழுதிவிடுவான். எழுதாமல் எதையும் மேஜையை விட்டு அனுப்பிப் பழக்கமில்லை.

மூன்றாவது வாரம் பலகையில் ஐந்து குண்டு. ஐந்தையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம். துரை அந்தப் பலகையைக் கிளப்புக்கு எடுத்துப் போய்ச் சுவரில் மாட்டினார். கீழே பேர் எழுதி மாட்டினார். யார் பேர் என்று கேட்கவும் வேண்டுமா? மணல் மூட்டையைப் பற்றியும் அங்கே யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு தனக்குக் குறி பார்க்க வந்துவிட்டது என்று துரை மனப்பூர்வமாக நம்பினார். வினை அதில்தான் வந்தது.

பிப்ரவரியில் பேத்தமங்களா ஏரிப்பக்கம் ஒரு சிறுத்தை ஆடு பிடித்துக்கொண்டிருந்தது. துரை போய்ச் சுடுவதாக வாக்குக் கொடுத்தார். பத்தொன்பதாம் தேதி ஏனோக் அதற்காகவே பன்னிரண்டு தோட்டா கட்டிக் கொடுத்தான். இருபத்தோராம் தேதி காலை துரை ஜட்கா வண்டியில் போனார், ஒரே ஒரு தோட்டா சுட்டார், குண்டு சிறுத்தையின் பின்னங்காலில் பட்டது. அடிபட்ட சிறுத்தை கரும்புக்குள் புகுந்தது. அதைத் தேடிப் போய் முடிக்க வேண்டியது சுட்டவர் கடமை. துரைக்குப் பசி வந்துவிட்டது, திரும்பிவிட்டார். மத்தியானம் புல் அறுக்க அந்தப் பக்கம் போன பாப்பம்மா என்கிற பெண்ணின் வலது கையைச் சிறுத்தை மென்று துப்பியது. கிராமத்தார் தடி எடுத்துப் போய் அதை அடித்துக் கொன்றார்கள்.

பெரிய துரை விசாரணை வைத்தார். பெல்லாமி துரை சொன்னார்: பாறைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்து போய், எண்பது கஜத்தில் நின்று, நிதானமாகச் சுட்டேன். தோட்டா சரியில்லை. கட்டியவன் மருந்து எடையில் தவறு செய்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஹெட் கிளார்க் சௌந்தரராஜன் தட்டச்சு அடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து எடை மேஜைமேல் வைத்தார். மருந்தை எடை போட்டதில் தவறு செய்தேன் என்று ஏனோக் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது.

"கையெழுத்து போட்டுட்டு போயிடுப்பா" என்றார் சௌந்தரராஜன். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "ஒரு மாசம் வெளிய நிப்பாட்டுவாங்க. அப்புறம் எடுத்துக்குவாங்க. தொர வார்த்த குடுத்துகீறாரு. போடலன்னா திங்கக்கெழமையோட சீட்டு கிழிஞ்சிடும்."

"எடை தப்பா போட்டேன்னு எழுதி குடுத்தவன் கையில மறுபடியும் தராச குடுப்பாங்களா, சார்?"

"குடுப்பாங்கன்றேனே."

"குடுத்தா அந்த தராசுக்கு இன்னா மரியாதி? நாளைக்கு நான் எழுதற எடைய எவன் நம்புவான்? நானே நம்பமாட்டேன்."

சௌந்தரராஜன் காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். திங்கள் வரைக்கும் தவணை.

ஏனோக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலை போகும் என்பதற்காக மட்டும் இல்லை. குண்டைக் கட்டியவனுக்குத் தெரியும், எண்பது கஜத்தில் அந்தத் தோட்டா வெற்றிலையை விட்டு வெளியே போகாது. பலகை வெற்றியைத் தன் பேரில் மாட்டிக்கொண்ட கை, தோல்வியை மட்டும் எத்தனை சுளுவாக இன்னொருவன் கழுத்தில் மாட்டுகிறது!

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். பாப்பம்மாவின் புருஷன் சம்பங்கி. பேத்தமங்களாவிலிருந்து நடந்தே வந்திருந்தான்.

"நீதான் ஏனோக்கா? தொரைக்கு குண்டு கட்டினது நீதானே?"

"நான்தான்."

"நல்லா இருப்பியாய்யா? ஒழுங்கா கட்டியிருந்தா அது அங்கியே செத்திருக்கும். எம் பொண்டாட்டிக்கு சோத்துக் கையே போயிட்டிது."

ஏனோக்கின் மனைவி ஞானசுந்தரி உள்ளேயிருந்து வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது உதவியது.

"குந்துங்கண்ணா, மொதல்ல தண்ணி குடிங்க. குண்டு கெட்டதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"தொரையோட ஆளு வந்து சொன்னான்."

"உங்க ஊட்டம்மா இன்னா சொல்றாங்க? அவங்கதானே அங்க இருந்தாங்க?"

சம்பங்கி தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான். "அது கெடக்குது ஜொரத்துல. தொர வண்டிய உட்டு எறங்கவே இல்லன்னு சொல்லிக்கினே கீது. காலைலயும் அது அந்தப் பக்கம்தான் புல்லு அறுத்துக்கினு இருந்திச்சாம். கரைமேல வண்டிய நிறுத்தி, குந்தின வாக்குலயே சுட்டாராம். புல்லு அறுக்கறவ சொன்னா யார் கேப்பாங்க?"

ஏனோக் நிமிர்ந்தான். "கரைமேலயா?"

"ஆமா. கரைமேல, புளியமரத்தாண்ட."

ஞாயிற்றுக்கிழமை. ஏனோக் கோயிலுக்குப் போகவில்லை. ஞானசுந்தரி அவன் ஜெபத்தையும் சேர்த்துச் செய்துவிடுவதாகச் சொல்லி, கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். பேத்தமங்களாவில் முதலில் பாப்பம்மாவைப் பார்த்தான். கை முழங்கை வரைக்கும் துணிச் சுற்றில் இருந்தது, வீட்டில் மருந்து வாடை.

"நெஜத்ததான் சொல்றேண்ணா. எனக்கு பொய் சொல்லி இன்னா ஆவணும்?" என்றாள்.

அங்கிருந்து துரை சொன்ன பாறைக்குப் போனான். அதைச் சுற்றிலும் மண்டியிட்டுத் தேடினான். பாறைக்கு முன்னால் பத்து கஜம் வரைக்கும் ஒரு புல்லை விடவில்லை. ஒரு துண்டு காகிதம் கிடைக்கவில்லை. பிறகு கரைமேல் ஏறினான். புளியமரத்துக்குப் பக்கத்தில் வண்டிச் சக்கரம் பதிந்த தடத்திலிருந்து ஏரிப்பக்கமாக நாலு கஜம் இறங்கினால் ஆவாரம் புதர். பத்து நாளாக மழை இல்லை. மஞ்சள் பூக்களுக்கு நடுவில், முள் இல்லாத அந்த மெல்லிய கிளைகளில், நீலக் கோடு போட்ட காகிதம் கத்தியால் கீறினதுபோல் வரிவரியாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

ஏழு துண்டு. ஒவ்வொன்றாக எடுத்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தான். இரண்டைச் சேர்த்து வைத்தால் அவனுடைய பென்சில் எழுத்து: 19 பிப்.

அங்கிருந்து, கிராமத்தார் காட்டிய, சிறுத்தை அடிபட்ட இடத்துக்கு நடந்து எண்ணினான். திரும்பி நடந்து இன்னொரு தடவை எண்ணினான். இரண்டும் ஒத்துப்போயிற்று. முந்நூற்றுப் பத்து கஜம். நூறு கஜத்துக்குக் குறி வைத்த துப்பாக்கி அது. முந்நூறில் குண்டு ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, வண்டிக் குலுக்கலில் கையை ஆட்டிச் சுட்டவருக்குப் பின்னங்காலாவது கிடைத்ததே, அது தோட்டாவின் பெருந்தன்மை.

அவனுக்குக் கரைமேலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. சந்தோஷத்தில் இல்லை. உயிரோடு ஒருத்தி கண்ணால் கண்டதைச் சொல்கிறாள், அவள் பேச்சு செல்லாது. இந்தக் காகிதக் குப்பை பேசினால் செல்லும்.

திங்கள் காலை பெரிய துரை மேஜைமேல் கறுப்புத் துணி விரித்து ஏழு துண்டையும் வரிசையாக வைத்தான். பக்கத்தில் கட்டாத புதுச் சீட்டு ஒன்று. பெரிய துரை வேட்டைக்காரர். நான்கு வார்த்தையில் புரிந்துகொண்டார். பெல்லாமி துரையைக் கூப்பிட்டார். அந்தத் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினார். பதினொன்று இருந்தன. அதில் ஒன்றைப் பிரித்துக் காகிதத்தைப் பார்த்தார். அதே நீலக் கோடு, அதே தேதி.

"இது எங்கே கிடைத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஏனோக் சொன்னான். பெல்லாமி துரையின் முகம் செங்கல்லாகி, அப்புறம் சுண்ணாம்பாயிற்று.

பெரிய துரை தட்டச்சு அடித்த காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். "உன் எடையில் தப்பு இல்லை. நீ போய் வேலையைப் பார்."

"பாப்பம்மாவுக்கு, துரை?"

"அது கிராமத்து விவகாரம்."

"அறிக்கையில இன்னா எழுதுவீங்க?"

பெரிய துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி கேட்கிற எடைக்காரனை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் மிருகம் அசைந்துவிட்டது என்று எழுதப்போவதாகச் சொன்னார். யார் மேலும் குற்றமில்லையாம். காகிதத் துண்டுகளைக் குப்பையில் போடச் சொல்லி, பெல்லாமி துரைக்கு ஒரு சிகரெட் கொடுத்தார்.

அவன் பேர் தப்பியது. அதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று சௌந்தரராஜன் காதோடு சொன்னார். ஏனோக்குக்கும் அது தெரியும். ஆனால் பொய் இன்னும் உயிரோடுதான் இருந்தது. முதல் பொய்யில் அவனைப் பலி கொடுத்தார்கள். அது நடக்காததால் இரண்டாவது பொய்யில் செத்துப்போன சிறுத்தையைப் பலி கொடுத்தார்கள். பாப்பம்மாவின் கை இரண்டிலும் கணக்கில் வரவில்லை.

அவன் எடை அறைக்குத் திரும்பியபோது மேஜைமேல் துரையின் காலித் தோட்டாக்கள் ஒரு டப்பாவில் இருந்தன. பட்லர் வைத்துவிட்டுப் போயிருந்தான். சனிக்கிழமை மான் வேட்டையாம், கட்டி வைக்க வேண்டுமாம்.

ஏனோக் அந்த டப்பாவைத் தள்ளி வைத்தான். குப்பைக்குப் போக வேண்டிய ஏழு துண்டையும் சின்ன இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தான். கண்ணாடிக் கதவை இறக்கி, மூச்சை அடக்கி, முள் நிற்கும்வரை பார்த்தான். இரண்டாவது தடவையும் போட்டான். எடைப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய கடைசி மாதிரிக்குக் கீழே, முத்து முத்தான இங்கிலீஷ் எழுத்தில் எழுதினான்.

நான்கு மணிக்குக் கால் மணி இருக்கும்போது பெல்லாமி துரை வந்தார். எதுவுமே நடக்காததுபோல் பேனாவை எடுத்துப் பக்கத்தின் அடிக்குப் போனவர், நின்றார்.

மாதிரி: தோட்டாக் காகிதம், ஏழு துண்டு, 19 பிப்ரவரி கட்டியது. கிடைத்த இடம்: பேத்தமங்களா ஏரிக்கரை, வண்டித் தடத்திலிருந்து நான்கு கஜம். அங்கிருந்து சிறுத்தை அடிபட்ட இடம் 310 கஜம். சுட்டவர்: திரு. பெல்லாமி. காயப்பட்டவர்: பாப்பம்மா, வலது கை. எடை: இரண்டு தடவை, வித்தியாசமில்லை. இடது பக்கம் ஏனோக்கின் கையெழுத்து காய்ந்து போயிருந்தது.

"இன்னா இது?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

"மேஜைக்கு வந்த மாதிரிய ஏத்தாம உடக்கூடாது துரை. நீங்க போட்ட ரூலு."

துரையின் விரல் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தது. நூற்று நாற்பத்திரண்டு என்று மேலே அச்சடித்த நம்பர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே பக்கத்தில் அன்றைக்கு எடுத்த தங்கத்தின் எடை முழுவதும் இருந்தது. கிழித்தால் அந்தத் தங்கத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். புத்தகம் வருஷக் கடைசியில் லண்டனுக்கு, கம்பெனி முதலாளிகளிடம் போகும். வாசலில் பெரிய துரையின் பியூன் புத்தகத்துக்காக வந்து நின்றுகொண்டிருந்தான்.

"உன்னை நான் சும்மா விடமாட்டேன்" என்றார் துரை, இங்கிலீஷில், மெதுவாக.

"தெரியும் துரை" என்றான் ஏனோக். மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். "மணி ஆயிட்டிது."

பெல்லாமி துரை கையெழுத்துப் போட்டார். ஏனோக் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, புத்தகத்தை மூடிப் பியூன் கையில் கொடுத்தான். பிறகு காலித் தோட்டா டப்பாவை எடுத்து, திறக்காமலே, துரையின் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தான்.